சி.டி. சிக்கவில்லை, பாட்டே அப்படித்தான்

குடியாத்தம் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் சித்தப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த காலம் அது. ஒயர் இழுப்பதும் பாக்ஸ் தூக்குவதும் என் வேலை. கீழே பந்தி ஓடிக்கொண்டிருந்தது, மேடையில் வரிசையாக போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், பாட்டை யாரும் கவனிக்கவில்லை. இதுதான் சமயம் என்று, சிநேகிதன் ஒருவன் காப்பி போட்டுக் கொடுத்த சி.டி.யை உள்ளே தள்ளினேன். க்ராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் குழு 1977ல் வெளியிட்ட 'ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ்'. ரயில் ஓடுகிற மாதிரி ஒரு தாளம், அதன்மேல் அந்தப் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு குரல். நான்கு நிமிடம் போயிருக்கும். பெண்ணின் தாய்மாமன் தாம்பூலப் பையும் கையுமாக வந்து நின்றார். "இன்னாப்பா, சி.டி. சிக்கிக்கினு கீது போல, பாரு" என்றார்.

சிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சித்தப்பா சவுண்ட் மிக்சர் பெட்டி பக்கமாக நடந்து வருவது தெரிந்தது. பேசாமல் சி.டி.யை மாற்றிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பெரியவர் சொன்னதில் தப்பே இல்லை. சினிமாப் பாட்டில் வளர்ந்த காது அவருடையது, என்னுடையதும்தான். பல்லவி வரும், இடையிசை வரும், சரணம் வரும், மறுபடி பல்லவிக்குத் திரும்பும். அரை நிமிடத்துக்கு ஒரு தரம் ஏதாவது புதிதாக வந்து நிற்கும். எலக்ட்ரானிக் இசையில் அப்படி வராது. வருவது வேறு ஒன்று. அது என்னவென்று யாராவது காட்டிக்கொடுக்கும் வரைக்கும் எல்லாருக்குமே சி.டி. சிக்கியதாகத்தான் தோன்றும்.

காட்பாடியில் தங்கிப் படிக்கும் அக்கா மகன் போன மாதம் கேட்டான்: "மாமா, பசங்க டெக்னோ, ஹவுஸ், ஆம்பியன்ட்னு இன்னான்னமோ சொல்றாங்க. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?" வகைகளின் பெயர்ப் பட்டியலை நீட்டினால் ஓடிவிடுவான் என்று தெரியும். பதிலுக்கு நான் ஒன்று கேட்டேன். "உனக்குப் பிடிச்ச பாட்டுல எந்த இடத்த பின்னாடி தள்ளித் தள்ளிக் கேப்ப?" சிலர் பேஸ், அதாவது அடியில் கனமாக ஒலிக்கும் சத்தம், இறங்கும் இடத்தைச் சொல்வார்கள். சிலர் ஒரு சங்கதியை, சிலர் அடி விழுவதற்கு முந்தைய அந்த ஒரு நொடி மௌனத்தை. நுழையும் வாசல் அங்கேதான் இருக்கிறது. எந்த வகை என்று தேட வேண்டாம், உங்கள் காது ஏற்கெனவே எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்த்தால் போதும். அவன் என்ன சொன்னான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கீபோர்டு வந்தாலே எலக்ட்ரானிக் இசை என்றால் தமிழ்ச் சினிமாப் பாட்டில் பாதிக்கு மேல் அதில் சேர்ந்துவிடும். 1986ல் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' காலத்திலேயே இளையராஜாவின் இசையில் இயந்திரத் தாளம் கேட்டாயிற்று. 1992ல் 'ரோஜா' வந்த பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் அந்தப் பாட்டுகளில் இயந்திரம் பக்கவாத்தியம். நடுவில் உட்கார்ந்திருப்பது மெட்டும் வரியும் குரலும். எலக்ட்ரானிக் இசை என்று தனியாகப் பெயர் சொல்லும் இடத்தில் இயந்திரம்தான் கச்சேரியின் நடுவில் இருக்கும். குரல் வந்தால் அது பக்கவாத்தியம்.

என்னென்ன இயந்திரம்? நான்கு தெரிந்தால் போதும். சிந்தசைசர், மின்சாரத்திலிருந்தே ஒலியை உண்டாக்குவது. அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964ல் செய்தது இதில் பேர்போனது. டிரம் மெஷின், அடிகளை வரிசையாகப் பதிந்து வைத்தால் அலுக்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980ல் வெளியிட்ட டி.ஆர்.-808 இன்றைக்கும் எல்லாப் பாட்டிலும் எட்டிப் பார்க்கிறது; ராப் பாட்டில் வயிற்றைக் கலக்கும் அந்த நீண்ட 'தூம்' அதனுடையது. சீக்வென்சர், எந்த ஸ்வரம் எப்போது என்று ஞாபகம் வைத்து வாசிப்பது. சாம்ப்ளர், வேறெங்கோ பதிவான ஒலியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து வாத்தியமாக்குவது.

இவற்றைவிட முக்கியமானது சிந்தசைசரில் இருக்கும் ஒரு குமிழ். ஃபில்டர் என்பார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கல்யாண மண்டபத்துக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் நின்றிருப்பீர்கள். உள்ளே கச்சேரி. கதவு மூடியிருக்கும். உங்களுக்கு வருவது 'தும் தும்' மட்டும்தான். பாடுகிறவர் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பாடுவது போல் இருக்கும். யாராவது கதவைத் திறந்துகொண்டு வெளியே வருவார். அந்த நொடியில் ஜால்ரா, வயலின், குரலில் இருக்கும் 'ஸ', எல்லாம் ஒரேயடியாகக் கொட்டும். கதவு சாத்திக்கொண்டால் மறுபடி தும் தும். உள்ளே பாட்டு மாறவில்லை, மாறியது கதவு. ஃபில்டர் செய்வது இந்தக் கதவு வேலைதான். ஒலியின் மேல்பகுதியைத் தடுத்து வைத்துக்கொண்டு, எவ்வளவு வெளியே விடலாம் என்று குமிழைத் திருப்பித் தீர்மானிக்கலாம். எட்டு நிமிட டிராக்கில் ஒருவர் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதவை மயிரிழை மயிரிழையாகத் திறப்பார். ஸ்வரம் அதேதான், தாளம் அதேதான். கதவு திறந்துகொண்டே போகும். அந்தக் கதவைப் பார்க்கத் தெரியாதவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. பார்த்தவருக்கோ, முழுக்கத் திறக்கும்போது உடம்பு தானாக எழுந்துகொள்ளும்.

இதிலிருந்தே 'டிராப்' என்கிறார்களே, அதையும் புரிந்துகொள்ளலாம். நம் பக்கத்துத் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு அது புதுசே இல்லை. கட்டியக்காரன் வந்து கதையளந்துவிட்டுப் போவான். பிறகு இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் வேடம் வந்து நிற்கும். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும், சலங்கைச் சத்தம் கேட்கும், முகவீணை இழுக்கும், மத்தளம் ஏறிக்கொண்டே போகும். பின்னாலிருந்தபடியே அவர் பாடுவார். திரையை விலக்க மாட்டார்கள். குழந்தைகள் எட்டி எட்டிப் பார்க்கும். இன்னும் விலக்க மாட்டார்கள். பிறகு சட்டென்று துணி போகும், துரியோதனன் சுழன்றுகொண்டு வெளியே வருவார். அவ்வளவு நேரம் திரையைப் பிடித்துவைத்ததுதான் அந்தச் சுழற்சிக்குப் பலம். டி.ஜே. செய்வதும் அதுவே. பேஸை எடுத்துவிட்டு, கூட்டத்தைக் காக்க வைத்து, பிறகு திரையை விடுவது. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய ஒரே ஓட்டமாக நகர்த்துவதும் இரண்டிலும் உண்டு. இப்போது வரும் பல பெரிய மேடை இ.டி.எம். (எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்) பாட்டுகளில் எனக்குள்ள குறை, நிமிடத்துக்கு ஒரு தரம் திரையை விலக்குகிறார்கள். ஐந்தாவது தடவை துரியோதனன் வந்தால் யார் எழுந்து பார்ப்பார்கள்?

சரி, வாசல்களுக்கு வருவோம்.

பம்பை உடுக்கை கேட்டால் கால் நிற்காதவரா நீங்கள்? மகா சிவராத்திரிக்கு மறுநாள் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை பார்த்திருப்பீர்கள். இடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய பம்பையோடு அந்தக் கலைஞர் சாமி வருகிறவருக்கு முன்னால் போய் நிற்பார். முதலில் விதவிதமாக அடிப்பார். அருள் ஏறுகிற நேரம் வந்ததும் வித்தையெல்லாம் நின்றுவிடும்; ஒரே அடி, அதே அடி, இன்னும் நெருக்கமாக. ஆளுக்கு இரண்டடி தூரத்தில் நின்று, முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிப்பார். மாறாமல் அடிப்பதுதான் அங்கே வேலை செய்கிறது. இதைப் பார்த்தவருக்கு 'ட்ரான்ஸ்' என்று பெயர் வைத்த இசையைத்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றும். நானும் அப்படி நினைத்து ஏமாந்தேன். பெயர்தான் பொருந்துகிறது, அந்த வகையில் நான் கேட்ட பெரும்பாலானவை சர்க்கரைப் பாகு. பம்பைக் காதுக்கு டெக்னோதான் சரி.

டெக்னோ பிறந்தது டெட்ராய்ட்டில், கார் தொழிற்சாலைகளின் ஊரில். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள், பக்கத்திலுள்ள பெல்வில்லில் ஒரே பள்ளியில் படித்தவர்கள், 1980களின் நடுவில் இதற்கு உருவம் கொடுத்தார்கள். அவர்களும் க்ராஃப்ட்வெர்க் கேட்டு வளர்ந்தவர்கள்தான். கல்யாணத்தில் போட்டுப் பார்க்காதது அவர்கள் அதிர்ஷ்டம். தொழிற்சாலை ஊர்க்காரருக்கு இந்த இசை சீக்கிரம் பிடிபடும் என்று எனக்கு ஓர் எண்ணம். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை செய்த உறவினர் ஒருவர் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஆளைவிட உயரமான மர டிரம்கள், தண்ணீரும் மருந்தும் தோலுமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே தோல் மேலே ஏறி விழுகிற சத்தம்: தொப்... தொப்... தொப். நாள் முழுக்க அதேதான். எனக்கு ஒரே சத்தமாகக் கேட்டது. அவரோ நின்று தலையைச் சாய்த்து, "அதுல தண்ணி கம்மியா கீது" என்றார். போய்ப் பார்த்தால் கம்மிதான். அந்தக் காதை வைத்துக்கொண்டு, டெட்ராய்ட்காரரான ஜெஃப் மில்ஸின் 'தி பெல்ஸ்' கேளுங்கள். ஒரு மணிச்சத்தம், ஒரே துண்டு, விடாமல் சுற்றும். அடியில் என்னென்ன நகர்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

குத்து, கானா ரசிகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் டப்பாங்குத்து மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடையில் குதிக்கும். ஹவுஸ், டெக்னோ இரண்டும் நான்கு நான்காக நேர் அடி வைத்து நடக்கும். குத்தில் ஊறிய காதுக்கு அது மார்ச் பாஸ்ட் போலச் சப்பென்று இருக்கலாம். உங்களுக்கு அடி முறிந்து விழும் இசைதான் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துப் பையன்கள் உண்டாக்கிய கோம் என்ற வகை இருக்கிறது. இருட்டான, கனமான அடி, எதிர்பார்த்த இடத்தில் விழாது. எம்.ஐ.ஏ. என்ற பாடகி இருக்கிறார். ஈழத்தமிழ்க் குடும்பத்தில் லண்டனில் பிறந்தவர். அப்பா பெயரில் 'அருளர்', அம்மா பெயரில் 'கலா' என்று இரண்டு ஆல்பம் போட்டார். 2007ல் வந்த 'கலா'வில் நம் உறுமி சத்தம் உங்களுக்கு உடனே அடையாளம் தெரியும். அதன் முதல் பாட்டில் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' துண்டாக வந்து போகும். தெரிந்த குரல் தெரியாத வீட்டில் கேட்பது போல் இருக்கும்.

அங்கிருந்து டிரம் அண்ட் பேஸுக்கு ஒரு எட்டுதான். நிமிடத்துக்கு 170 அடி ஓடும் வேகம், ஆனால் அடியில் பேஸ் பாதி வேகத்தில் நிதானமாக நடக்கும். மேலே தவில், கீழே தம்புரா என்று வைத்துக்கொள்ளுங்களேன். இந்த வகையின் பெரும்பகுதி ஆறேழு நொடி டிரம் அடியிலிருந்து முளைத்தது. 1969ல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் இசைத்தட்டில் கிரகரி கோல்மன் என்ற டிரம்மர் வாசித்த சின்னத் தனி ஆவர்த்தனம். அதைச் சாம்ப்ளரில் வெட்டி, வேகமாக்கி, கலைத்து அடுக்கி, இருபது வருடம் கழித்து லண்டன் பையன்கள் ஓர் உலகத்தையே கட்டினார்கள். கோல்மனுக்கு அதிலிருந்து உரிமைத்தொகை எதுவும் வந்து சேரவில்லை. வீடில்லாமல்தான் செத்துப்போனார். தபலாவை இந்த வேகத்தோடு சேர்த்தவர் டால்வின் சிங். 'ஓகே' என்ற அவருடைய ஆல்பம் 1999ல் பிரிட்டனின் மெர்க்குரி பரிசை வாங்கியது. குத்துக் காதும் கச்சேரிக் காதும் ஒரே வீட்டில் இருந்தால் இதைப் போடலாம், சண்டை வராது.

இளையராஜாவின் பேஸ் கிட்டாரைத் துரத்திக்கொண்டே பாட்டுக் கேட்கிறவர்கள் ஒரு தனி ஜாதி. மெட்டு ஒரு பக்கம் போக, பேஸ் அடியில் தனிப் பாட்டு பாடிக்கொண்டு போவதைக் கேட்டு இன்புறுகிறவர்கள். நீங்கள் 1977ல் ஜியார்ஜியோ மொரோடர் இசையில் டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்'வில் ஆரம்பியுங்கள். கட்டாயம் இரண்டு காதிலும் இயர்போன் வேண்டும். பேஸ் ஸ்வரம் ஒரு காதில் விழும், அதன் எதிரொலி மறு காதில் விழும். இரண்டும் பின்னி, தறியில் நாடா அங்கும் இங்கும் ஓடுவது போல ஆகிவிடும். குடியாத்தம் நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது காதில் விழும். அதன் பிறகு சிகாகோவின் ஹவுஸ். வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் என்ற டி.ஜே. போட்ட இசைக்கு அந்த கிளப்பின் பெயரில் பாதியே பெயராக நின்றுவிட்டது. ஒரு விஷயத்தில் ஏமாந்துபோகாதீர்கள்: ராஜாவின் பேஸ் ஊர் சுற்றும், ஹவுஸ் பேஸ் ஒரே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். அப்புறம் பழகிவிடும்.

ரஹ்மானின் தொண்ணூறுகளில், மெட்டைவிட அந்த ஒலியின் வழவழப்பு பிடித்தவர் என்றால் பிரிட்டனில் பிரிஸ்டல் நகரத்து மாஸிவ் அட்டாக் குழுவின் 'புளூ லைன்ஸ்', அதன் பிறகு ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பிரிட்டிஷ் இசைஞரின் 1992ல் வந்த முதல் ஆல்பம். மெட்டாலிக்கா மாதிரி ஹெவி மெட்டல் கேட்கிற ஹாஸ்டல் பையன்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம்: தி ப்ராடிஜி, நைன் இன்ச் நெயில்ஸ் என்ற இரண்டு குழுக்கள். இரைச்சலில் அவர்களுக்குப் பழைய சிநேகிதம்.

கர்நாடக இசை கேட்கிறவர்களிடம் பேசுவதுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் அவர்கள்தான் "அந்த மெஷின் சத்தமெல்லாம் நமக்கு வேண்டாம்" என்று முதலில் கை ஆட்டுவார்கள். அவர்கள் வீட்டுப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி இருக்கும். பெங்களூரின் ராடெல் செய்தது. குமிழைத் திருப்பினால் ஸ-ப-ஸ என்று மணிக்கணக்கில் மாறாமல் ஒலிக்கும். அதைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் உட்காரத் தெரிந்தவருக்கு ஆம்பியன்ட் இசையில் பாதி வந்துவிட்டது.

இவர்களுக்கு நான் கொடுப்பது ஒரு பம்பாய்க்காரரின் தட்டு. சரண்ஜித் சிங், இந்திப் படங்களுக்கு வாசித்த கலைஞர். 1982ல் மூன்று ஜப்பான் இயந்திரங்களை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு எல்.பி. பதிவு செய்தார். தாளத்துக்கு அதே 808. பேஸுக்கு டி.பி.-303 என்ற ஒரு சின்னப் பெட்டி. பேஸ் வாசிக்க ஆள் இல்லாத கிட்டார்க்காரருக்குத் துணையாக ரோலண்ட் செய்தது அது. நிஜ பேஸ் கிட்டார் போல் ஒலிக்கவே இல்லை என்பதால் விலை போகாமல், 1984ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும் வசதி உண்டு. மேற்கத்தியருக்கு அது விசித்திர சத்தம், சரண்ஜித் சிங்குக்கு ஜாரு. இந்துஸ்தானி பைரவ் நமக்கு மாயாமாளவகௌளை, மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம், யமன் என்றால் கல்யாணி. எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு வரும். தட்டு அன்றைக்கு விற்கவில்லை. ஐந்து வருடம் கழித்து 1987ல், சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற குழு அதே 303ஐ எடுத்து ஃபில்டர் குமிழைத் திருகித் திருகி 'ஆசிட் ட்ராக்ஸ்' என்று ஒன்றைப் போட்டது. அதிலிருந்து ஆசிட் ஹவுஸ் என்று ஒரு வகையே கிளம்பியது. சரண்ஜித் சிங்கின் தட்டு 2010ல் மறுபடி வெளியானபோது உலகம் முழுக்க ஆச்சரியப்பட்டது, இந்த ஆள் முன்னாலேயே எப்படி இதைச் செய்தார் என்று. அவர்கள் எவரையும் பார்த்து அவர் செய்யவில்லை, அவரைப் பார்த்து அவர்களும் செய்யவில்லை. ராகம் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், இரண்டு ஊரில் இரண்டு பேர் அதே குமிழைப் பிடித்திருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு "எல்லாம் நம்மிடமிருந்துதான் போனது" என்று மார் தட்டக் கிளம்ப வேண்டாம். உண்மைக் கதையே இதைவிடச் சுவையாக இருக்கிறது. இந்தியாவில் இன்னும் பழைய கதை வேண்டுமானால், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969லேயே ஒரு மூக் சிந்தசைசர் வந்து இறங்கியிருந்தது. அங்கே பதிவான நாடாக்கள் தொகுப்பாகக் கிடைக்கின்றன.

ஆம்பியன்ட் என்றேன் அல்லவா, அதன் கதையும் ஒரு நிமிடம். 1975ல் பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தார். பார்க்க வந்த சிநேகிதி யாழ் போன்ற ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். தட்டை ஓடவிட்டபின் பார்த்தால் ஒலி ரொம்பக் குறைவு. எழுந்து போய்க் கூட்ட உடம்பில் தெம்பில்லை. வெளியே மழை. மழைக்குள் அங்கங்கே ஒரு ஸ்வரம் மட்டும் எட்டிப் பார்த்தது. அறையில் இருக்கும் வெளிச்சம் போல இசையும் இருந்துவிட்டுப் போகலாமே என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான். 1978ல் விமான நிலையங்களுக்கென்றே ஓர் ஆல்பம் செய்தார். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்குப் போய், வராந்தாவில் பெஞ்சில் டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறீர்களா? அந்த நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இசை எனக்குத் தெரியாது. கவனித்தால் கவனிக்கலாம், விட்டால் விடலாம். கூப்பிடுகிற பெயர் மட்டும் காதில் விழுகிற அளவுக்குச் சத்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் பழைய சோகப் பாட்டு கேட்கிறவர்களுக்கு பரியல் என்ற லண்டன் இசைஞரின் 'அன்ட்ரூ' ஆல்பம், 2007. மழைச் சத்தம், தட்டு கீறும் சத்தம், எங்கோ தொலைவில் பாதியில் அறுந்த குரல். வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் கடைசி பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். கண்டக்டர் விசிலும் அதில் ஒரு வாத்தியம் மாதிரிச் சேர்ந்துகொண்டது.

வரிக்காகப் பாட்டுக் கேட்கிறவர்களிடம் மழுப்ப மாட்டேன். உங்களுக்குத்தான் இது கஷ்டம். வரியே இல்லாத, இருந்தாலும் நாலு சொல்லே திரும்புகிற இசை இது. போர்ட்டிஸ்ஹெட் குழுவின் 'டம்மி' போல, பாடகரை நடுவில் வைத்த ஆல்பம் ஒன்றிரண்டு பிடிக்கலாம். பிடிக்காவிட்டால் குற்றமில்லை, கண்ணதாசன் எங்கேயும் போய்விடவில்லை.

இனி நடைமுறை. போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு "ஒண்ணுமில்லையே" என்று சொல்லாதீர்கள். போனில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அடிப் பேஸைத் தள்ளவே முடியாது. பாட்டின் பாதி அங்கேயே செத்துவிடும். எலும்பை எடுத்துவிட்டுப் பிரியாணி பரிமாறியது போல என்று சொல்ல வந்தேன், ஆம்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், கறியையே எடுத்துவிட்டது போல. சுமாரான ஒயர் இயர்போன் போதும். ஒலியை ரொம்ப ஏற்றாதீர்கள். சவுண்ட் சர்வீஸ்காரர் வீட்டில் வளர்ந்தவன் சொல்கிறேன், சித்தப்பாவுக்கு இப்போது இரண்டு தடவை கூப்பிட்டால்தான் கேட்கும்.

முப்பது நொடித் துண்டுகளாகக் கேட்டால் இந்த இசை கிடைக்காது. திரை பிடித்திருக்கும்போதே எழுந்து போனால் துரியோதனனை எப்படிப் பார்ப்பது? டிராக் பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடமும் ஓடட்டும். உட்கார்ந்து முறைத்துக்கொண்டு கேட்பதைவிட நடந்துகொண்டு கேட்பது நல்லது. விடிகாலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், வேலூர்க் கோட்டை அகழியோரம் நடக்கிறவர்கள் நிறையப் பேர். நிமிடத்துக்கு 120, 125 அடி வரும் ஹவுஸ் வேகமான நடைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். காட்பாடியிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட்டுக்கு ரயிலில் வந்தால், பாலாற்றுப் பாலத்தில் ஏறியதும் தண்டவாளச் சத்தம் மாறும், கவனித்திருக்கிறீர்களா? மண்மேல் ஓடும்போது அடங்கியிருந்த சத்தம் இரும்பின்மேல் ஏறியதும் திறந்துகொள்ளும். 'ட்ரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸை' நான் அங்கேதான் முதல்முறை முழுசாகக் கேட்டேன். கல்யாணத்தில் போட்டிருக்கக் கூடாது.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். அனிருத் பாட்டில் அடி இறங்குவதற்கு முன்னால் எல்லாம் அடங்கி, ஒரே ஒரு சத்தம் மட்டும் மேலே மேலே ஏறுமே, அந்த இடத்தைத்தான் தள்ளித் தள்ளிக் கேட்பேன் என்றான். அவனுக்கு அடியைவிடக் காத்திருப்புதான் பிடிக்கிறது என்று புரிந்தது. 'ஆசிட் ட்ராக்ஸ்' அனுப்பினேன். பன்னிரண்டு நிமிடத்துக்குப் பக்கம் வரும். ராத்திரி பதில் வந்தது: "இன்னா மாமா இது, எலி கத்தற மாரி கீது. ஒரே மாரியே போய்க்கினு கீது." நான் ஒன்றும் சொல்லவில்லை, கல்யாண மண்டபத்துக் கதவுக் கதையை மட்டும் அனுப்பினேன்.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டான். பின்னால் ஹாரன் சத்தம்.

"மாமா, அது எலி இல்ல. கதவுதான்."

"ம்."

"பாதி வரிக்கும் தொறக்கற மாரி தொறந்துட்டு மறுபடி சாத்திடறான் மாமா. மூணு வாட்டி கேட்டுட்டேன்."